டிசம்பர் மழையில் பாசிர் ரிஸ் கடற்கரை: போகலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி இதுதான். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையில் மூன்று இரவுகளுக்கு சாலே (கடலோர விடுமுறை வீடு) எடுத்திருக்கிறீர்கள். கடலூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். அந்த வாரம் முழுக்க மழை என்று முன்னறிவிப்பு சொல்கிறது, கட்டிய பணம் திரும்ப வராது. போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கும்போது வானிலையைப் பற்றிய கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் "அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தோமா என்று பெரியவர்கள் நினைத்துவிடுவார்களோ" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கவலை அங்கேதான் இருக்கிறது. வெயிலும் நீச்சலும் பார்பிக்யூவும் போய்விட்டால் கடற்கரையில் பார்க்க ஏதாவது மிஞ்சுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கடல் உயிரியல் படித்தவன். சாங்கி, பாசிர் ரிஸ், புலாவ் உபின் கரைகளில் கடல் வற்றும் நேரத்தில் ஆட்களை அழைத்துப்போய்க் காட்டும் தன்னார்வ வழிகாட்டியாகப் பல வருடங்களாக இருக்கிறேன். வானிலைத் துறைக்காரன் இல்லை. மழையைப் பற்றி நான் சொல்வது சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் எல்லாருக்கும் சொல்வதும், கரையில் நனைந்து நான் தெரிந்துகொண்டதும்தான். கடலுயிர்களைப் பற்றி அதைவிட உறுதியாகப் பேச முடியும்.

போங்கள். ஆனால் மழை அட்டவணையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கடல் ஏறி இறங்கும் அட்டவணையைப் பாருங்கள். உங்கள் மூன்று நாட்களும் எப்படி அமையும் என்பதை மழையைவிட அதுதான் தீர்மானிக்கும்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பரும் ஜனவரியும் வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பகுதி. இந்த மாதங்களில் இரண்டு விதமாக மழை வரும். ஒன்று, பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டு ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மழை. தீவின் எந்த மூலையில் விழும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. செயலியில் ஐந்து நாளுக்கும் மேகப்படம் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். நாள் முழுக்க மழை என்று அதற்குப் பொருள் கிடையாது. மற்றது, வட ஆசியாவின் குளிர்காற்று திடீரென வேகமெடுத்து, தென்சீனக் கடலின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு இங்கே இறங்கும்போது வரும் அடைமழை. அது நாட்கணக்கில் நீடிக்கும், கூடவே காற்றும் குளிரும். இதைச் சில நாட்களுக்கு முன்பே ஓரளவு சரியாகக் கணித்துவிடுகிறார்கள், தனியாக அறிவிப்பும் வரும். 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் அப்படி வந்த மழை சாங்கியில் 255.2 மில்லிமீட்டர். ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். உங்கள் வாரத்துக்கு அப்படிப்பட்ட அறிவிப்பு வந்திருக்கிறதா, வெறும் மேகப்படமா என்று மறுபடி பாருங்கள். அடைமழையாகவே இருந்தாலும் நடுவில் இடைவெளிகள் இருக்கும். எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. மழை ரேடார் படத்தையும் இரண்டு மணி நேர முன்னறிவிப்பையும் வைத்து அன்றன்றைக்கு முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

இனி கடல். சிங்கப்பூரில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். உச்ச ஏற்றத்துக்கும் கடைசி வற்றத்துக்கும் உயர வித்தியாசம் மூன்று மீட்டர் அளவுக்குப் போகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் அவ்வளவாக விலகாது. வீட்டில் தினசரி நாட்காட்டி மாட்டியிருந்தால் அதிலிருந்தே தோராயமாகக் கணக்கிட்டுவிடலாம், கடலூர்க்காரரான உங்கள் மாமனாருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. துல்லியமான நேரத்துக்கு, அரசாங்கத் தளங்களில் ஒவ்வொரு நாளுக்கும் மணியும் உயரமும் போட்ட அட்டவணை கிடைக்கும். 0.5 மீட்டருக்குக் கீழே போகும் நாள் என்றால் இறங்கிப் பார்க்கலாம். 0.3க்குக் கீழே என்றால் எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டுப் போக வேண்டிய நாள்.

டிசம்பரின் நல்ல செய்தி இதில்தான் இருக்கிறது. வருட நடுவில் மிக ஆழமான வற்றங்கள் விடிவதற்கு முன் வரும், குடும்பத்தோடு மூன்றரை மணிக்கு எழுந்து போவது நடக்காத காரியம். வருடக் கடைசியில் அவை மாலைக்கு மாறிவிடுகின்றன. பொழுது சாயும்போது கடல் விலகத் தொடங்கி, இருட்டும் நேரத்தில் ஒரு பெரிய திடல் போலத் தரை வெளியே வந்துவிடும். மேகம் மூடியிருந்தால் இன்னும் நல்லது. வெயில் சுடாது, தண்ணீரில் கண் கூசாது, வெளியே தங்கிவிட்ட உயிர்களும் சீக்கிரம் காய்ந்துபோகாது. நான் அழைத்துப்போன நடைகளில் பிள்ளைகள் அதிக நேரம் தாக்குப்பிடித்தது இப்படிப்பட்ட மப்பு மாலைகளில்தான்.

கொட்டும் மழையில் மட்டும் போகாதீர்கள். மழைத்துளி விழும் தண்ணீருக்குள் எதுவும் தெரியாது; நண்டுகள் வளைக்குள் போய்விடும், நத்தைகள் மூடியைச் சாத்திக்கொள்ளும், பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிர்கள் சுருங்கிவிடும். மழை நின்று தண்ணீர் தெளிய விடுங்கள். தூறலாக இருந்தால் பரவாயில்லை, போகலாம்.

பாசிர் ரிஸ் கரையில் என்ன இருக்கிறது? மணல் பகுதியில் குனிந்து பார்த்தால், ஜவ்வரிசி கொட்டி வைத்தது போலச் சின்னச் சின்ன மணல் உருண்டைகள் வட்டம் வட்டமாகக் கிடக்கும். விரல் நகம் அளவே உள்ள ஒரு நண்டின் வேலை அது. மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் உணவை எடுத்துக்கொண்டு, மீதியை உருட்டி வெளியே வைக்கிறது. அடுத்த ஏற்றம் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும், அடுத்த வற்றத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஏழு வயதுப் பிள்ளையை இதன் முன்னால் அசையாமல் உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் யாரும் அசையாமல் இருந்தால் வளைகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும், கால் எடுத்து வைத்தால் அத்தனையும் மறைந்துவிடும். இதற்குக் கட்டணம் இல்லை, அதிர்ஷ்டமும் தேவையில்லை. மணல் கரையும் கடல் வற்றும் நேரமும் இருந்தால் அநேகமாக எப்போதும் பார்க்கக் கிடைப்பது.

அதைத் தாண்டிச் சேற்று மணலுக்கு வந்தால் லாட நண்டு தென்படலாம். கண்டிப்பாகத் தென்படும் என்று சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் இரண்டு இனங்கள் உண்டு. பெயர்தான் நண்டு, உறவு சிலந்திக்கும் தேளுக்கும் பக்கம். அதன் வம்சம் இந்தப் பூமியில் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது, டைனோசர்களைவிட மூத்தது. இரத்தம் நீலம். ஊசி மருந்துகளில் நுண்கிருமி நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க உலகம் பல ஆண்டுகளாக இந்த இனத்தின் இரத்தத்தை நம்பியிருக்கிறது. பத்து வயதுக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நேரில் காட்டினால் நெடுநாள் மறக்க மாட்டார். நீண்ட வாலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அது கொட்டாது. கவிழ்ந்துவிட்டால் நிமிர்ந்துகொள்ள உதவும் கோல். மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால், ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மெல்லத் திருப்பி வையுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

ரப்பர் துண்டு மாதிரி, சட்டைக் காலர் வடிவத்தில் மணல் நிறமாக ஒன்று கிடந்தால் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒருவகை நத்தை தன் முட்டைகளை மணலோடு பசை சேர்த்துச் செய்து வைத்த தொட்டில் அது. நல்லெண்ணத்தில் குப்பை பொறுக்கும் பிள்ளைகள் அடிக்கடி இதைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள்.

இதைவிட நிறைய உயிர்களைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு மாலை சாங்கி கடற்கரைக்குப் போங்கள், டாக்சியில் அதிக தூரம் இல்லை. அங்கே கடல் புல் இருக்கிறது. புல் இருக்கும் இடத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய முட்கொத்து நட்சத்திர மீன்கள், விரிப்பு போல அகன்ற கடல் சாமந்திகள், கடல் அட்டை, காலிச் சிப்பிக்குள் குடியிருக்கும் துறவி நண்டு என்று வரிசையாகப் பார்க்கலாம். இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் சின்னச் சின்னக் கணவாய்களும் ஆக்டோபஸ்களும் வரும். எத்தனை முறை பார்த்தாலும் ஆக்டோபஸ் நிறம் மாறுவதை நின்று பார்க்காமல் எனக்கு நகர முடிவதில்லை. விமானநிலையம் பக்கத்தில் இருப்பதால் தலைக்கு மேல் அடிக்கடி விமானம் தாழப் போகும், காலடியில் கடல் குதிரை இருக்கலாம். இந்த ஊரில் இப்படி ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. அப்புறம் சாங்கி கிராமத்து உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம், பார்பிக்யூ நனைந்துபோனதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

பெரியவர்களால் சேற்றில் நடக்க முடியாது என்றால் பாசிர் ரிஸ் பூங்காவுக்குள்ளேயே அலையாத்திக் காடு இருக்கிறது. சமதளமான பலகைப் பாதை உண்டு, மழையில் வழுக்கும், கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். கடலூரில் இருப்பவர்களுக்குப் பிச்சாவரம் புதிதில்லை. மூச்சு விடும் வேர்கள் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நிற்பதைப் பார்த்ததும் அவர்களே பிள்ளைகளுக்கு விளக்கத் தொடங்கிவிடுவார்கள். சிதம்பரத்துக்குப் பழைய பெயர் தந்த தில்லை மரம் சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், ஆகவே தெரியாத கிளையை ஒடிக்க வேண்டாம். கடல் வற்றியிருக்கும்போது சேற்றில் துள்ளும் மீன்களைப் பாருங்கள், தண்ணீருக்கு வெளியே துடுப்பை ஊன்றி நடக்கும். கடல் ஏறியிருக்கும்போது நண்டுகள் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு இடத்துக்கு ஏற்றம், வற்றம் இரண்டு வேளையிலும் போகலாம். நாரைகள் நிச்சயம் உண்டு. நீர்நாய்க் குடும்பம் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சாங்கிப் பக்கம் இருவாச்சிகளையும் பார்க்கலாம். ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இல்லாமலே போன பறவை, 1990களில் புலாவ் உபினுக்குத் திரும்பி வந்து, செயற்கைக் கூடுகள் வைத்த பிறகு பெருகியிருக்கிறது.

மழை மட்டுமே கொண்டுவருவதும் சில உண்டு. மழை விட்ட மாலையில் சாலே விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். எல்லாரும் முகம் சுளித்துக் கதவைச் சாத்துவார்கள். உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், ஊரில் ஈசல் வறுத்துத் தின்ற கதை கிடைத்தாலும் கிடைக்கும். விளக்கடியில் பல்லிகளும் தேரைகளும் அதே விருந்துக்கு வந்து சேரும். பெருமழைக்குப் பிந்தைய இரவில் சாக்கடை ஓரத்திலிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம் கேட்டால், அது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தவளை. அலையாத்திக் காட்டுப் பக்கம் இன்னொரு வகைத் தவளை இருக்கிறது. தவளைகளில் பெரும்பாலானவை உப்புத் தண்ணீரில் பிழைக்காது. இது உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொண்டு உவர்நீரிலும் வாழ்கிறது. பிள்ளைகளோடு குடை பிடித்துக்கொண்டு இரவில் பத்து நிமிடம் வெளியே நின்று, எத்தனை விதமான குரல் கேட்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மழை கடலுக்கு எப்போதும் நல்லதுதான் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2006 டிசம்பர் 19 அன்று சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் 366 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதைத் தொடர்ந்து மலேசியாவின் ஜொகூரில் பெருவெள்ளம். ஆற்றுவழியே வந்த நன்னீர் இரண்டுக்கும் நடுவிலுள்ள ஜொகூர் நீரிணையில் கலந்து உப்பைக் குறைத்துவிட்டது. 2007 தொடக்கத்தில் புலாவ் உபினின் செக் ஜாவா கரையில் கடல் சாமந்திகள் வெளுத்து, நட்சத்திரங்களும் கடல் அட்டைகளும் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னால்தான், மக்கள் எடுத்துச் சொன்னதால், அந்தக் கரையை மண் கொட்டி மூடும் திட்டத்தை அரசாங்கம் தள்ளிவைத்திருந்தது. அப்படிக் காப்பாற்றிய கரையை மழை வெறுமையாக்கியதைப் பார்த்து வருந்தாத வழிகாட்டி கிடையாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயிர்கள் திரும்பி வந்தன. உங்கள் விடுமுறைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: அடைமழைக்குப் பிந்தைய நாட்களில் கரையில் இருப்பவை ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். வெளுத்த சாமந்தியைப் பார்த்தால் தள்ளி நின்று பாருங்கள். எந்த உயிரையும் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுக்க வேண்டாம், வாளியில் போட்டு சாலேக்குக் கொண்டுவரவே வேண்டாம். கொவிட் காலத்தில் வெளிநாடு போக முடியாமல் சாங்கியில் கூட்டம் கூடியபோது வாளி வாளியாக அள்ளிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை வீட்டில் பிழைத்திருக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன். மழை பிரச்சினை இல்லை, மின்னல்தான் பிரச்சினை. வற்றிய கடல் தரையில் நீங்கள்தான் உயரமான பொருள். இடிச் சத்தம் கேட்ட உடனே கிளம்பிக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பு ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். கடல் திரும்பி ஏறுவதையும் கவனித்துக்கொள்ளுங்கள். வற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, அந்த நேரம் கடந்ததும் கரைப் பக்கம் திரும்பிவிடுவது என் வழக்கம். கால் முழுக்க மூடிய ஷூ எல்லாருக்கும் வேண்டும். செருப்பும் வேண்டாம், வெறும் காலும் வேண்டாம். கல்மீன் என்று ஒன்று மணலில் கல்லோடு கல்லாகக் கிடக்கும், அதன் முள் தைத்தால் வலி தாங்க முடியாது. திருக்கையும் மணலுக்குள் புதைந்திருக்கும். தைத்துவிட்டால், தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 995 எண்ணில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அழகான கூம்பு வடிவச் சிப்பிகளைக் கையில் எடுக்க வேண்டாம், உள்ளே இருக்கும் நத்தைக்கு நஞ்சு உண்டு. சேறு முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். கனமழைக்குப் பிறகு ஓரிரு நாள் யாரும் கடலில் குளிக்க வேண்டாம், மழைநீர் வடிகால் தண்ணீர் அங்கே வந்து சேரும்.

தென் தீவுகளின் பவளப்பாறைகளைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடினப் பவளத்தில் மட்டும் 250க்கும் மேற்பட்ட வகைகள் சிங்கப்பூரில் உண்டு, பார்க்க வேண்டியவைதான். ஆனால் அடைமழை வாரத்தில் பெரியவர்களைப் படகில் ஏற்ற நான் சொல்ல மாட்டேன். செக் ஜாவாவுக்கும் அதே பதில்தான். வானம் வெளுத்த ஒரு காலை கிடைத்தால் மட்டும், சாங்கி படகுத்துறையில் விசாரித்துவிட்டுப் போய்வாருங்கள்.

உங்கள் கேள்வியில் மாதம்தான் இருக்கிறது, தேதி இல்லை. மூன்று இரவுகளும் அமாவாசை, பௌர்ணமிக்குப் பக்கத்தில் விழுந்தால் இரண்டு மாலைகளையாவது கரைக்கு ஒதுக்குங்கள். அஷ்டமிக்குப் பக்கத்தில் விழுந்தால் கரையில் இறங்கும் திட்டத்தை விட்டுவிட்டு அலையாத்திக் காட்டையும் பறவைகளையும் வைத்துத் திட்டமிடுங்கள். தேதியை இங்கே எழுதினால், எந்த மாலை எத்தனை மணிக்கு எந்தக் கரை என்று பார்த்துச் சொல்கிறேன். மாமனார், மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் சேர்த்து எழுதுங்கள், சாங்கி மணலா பலகைப் பாதையா என்பது அதைப் பொறுத்துத்தான்.